திகதி முடிந்த வெளிச்சங்கள்

என் கணவரைக் கடல் எடுத்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஆறுதல் கொண்டு வந்தார்கள். சிலர் அதோடு சீனியும் தேயிலையும் கொண்டு வந்தார்கள், அவை உதவின. "நல்ல மனுசரைத்தான் கடவுள் கெதியாக் கூப்பிடுறவர்" என்று ஒருத்தி சொன்னாள். அப்படியென்றால் உன் மனுசனுக்கு நூறு வயது நிச்சயம் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். உடல்கூட இல்லாத செத்தவீட்டில் சண்டை பிடித்தவள் என்ற பெயரும் எனக்கு எதற்கு.

அந்த ஆறுதல்களில் இரண்டே இரண்டுதான் என்னிடம் நின்று பிடித்தன. அவற்றை வைத்துக்கொண்டு சில வருடங்கள் சமைத்தேன், முன்பள்ளிக்குப் போய்ப் படிப்பித்தேன், மகளின் தலைக்கு எண்ணெய் வைத்தேன். இப்போது அந்த இரண்டும் என்னிடம் இல்லை. எப்படிப் போயின என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதினால் மனம் லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மீள்குடியேறி வந்த புதிதில், தறப்பாள் கொட்டிலில் இருந்த எங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் படகு தந்தது. படகு, இயந்திரம், வலை, உயிர்காப்புச் சட்டை. கூடவே திருகு மூடி போட்ட செம்மஞ்சள் பிளாஸ்டிக் வாளி ஒன்று. கடலில் ஆபத்து வந்தால் கொளுத்துகிற வெளிச்சங்கள் அதற்குள் இருந்தன. கையில் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் சிவப்பாக எரியும் குழல்கள் நாலு. பகலில் தெரிவதற்காகச் செம்மஞ்சள் புகை விடும் தகரப் பேணிகள் இரண்டு. வானத்துக்குப் போய்க் குடை விரித்துத் தொங்கும் பெரிய குழல் ஒன்று.

படகு தருவதற்கு முன்னர் பாடசாலை மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. சோற்றுப் பார்சல் உண்டு என்பதால் குடும்பத்தோடு போனோம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் படம் காட்டி விளக்கினார், இன்னொருவர் அதைத் தமிழில் சொன்னார். "இந்த வெளிச்சத்தைக் கண்டால் கரையில் இருப்பவர்களும் மற்றப் படகுகளும் உடனே உங்களிடம் வருவார்கள்" என்று அவர் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்கட பக்கத்தில உதைக் கண்டால் சனம் பங்கருக்கை எல்லோ போகும்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கணவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொழும்பிலிருந்து வந்தவரும் என்ன ஏது என்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார். தமிழில் சொன்னவர் அதை மட்டும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

சண்டைக் காலத்தில் இரவில் வானத்திலிருந்து குடையில் தொங்கி இறங்கும் வெளிச்சத்தை நாங்கள் பரா என்போம். பரா அடித்தால் முற்றத்தில் கிடக்கும் ஊசிகூடத் தெரியும். அதற்குப் பிறகு செல் வந்து விழுந்து வெடிக்கும். ஆகவே வானத்தில் வெளிச்சம் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் குதிப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வேலை. அது உடம்பில் ஏறிவிட்ட பழக்கம். இத்தனை வருடம் கழித்தும் கோயில் திருவிழாவில் வாணம் விட்டால் எங்கள் ஒழுங்கையில் சில வீட்டுக் கதவுகள் சாத்தப்படும். அதில் ஒன்று என்னுடையது.

என்றாலும் என் கணவர் தொடக்கத்தில் வாளியைப் படகில் கொண்டு போனார். தந்த சாமானைக் கவனமாக வைத்திருக்கும் மனிதர். அவர் புனர்வாழ்வு முடித்து வந்தவர். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியில் இருந்து வாசிப்பவருக்காகச் சொல்கிறேன். இயக்கத்தில் இருந்தவர்களைச் சண்டை முடிந்ததும் முகாமில் வைத்திருந்துவிட்டுப் பிறகு விட்டார்கள். விட்ட பிறகும் யார் யாரோ வீடு தேடி வந்து சுகம் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். சொந்தத் தம்பிமார்கூட அவ்வளவு தரம் வந்ததில்லை.

ஒரு நாள் காலையில் கரையில் சோதனைக்கு நின்ற கடற்படைக்காரர்கள் அந்த வாளியைத் திறந்தார்கள். நின்றவர்கள் புதியவர்கள், வயது குறைந்தவர்கள். குழலையும் கயிற்றையும் கண்டதும் அவர்களுக்கு முகம் மாறிவிட்டது. இவரை மணலில் இருத்தினார்கள். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சரியத் தொடங்கும்வரை இருந்தார். பிறகு விஷயம் தெரிந்த ஒரு அதிகாரி வந்து, இது கடலுக்குப் போகிறவன் வைத்திருக்க வேண்டிய சாமான்தான் என்று சிரித்துச் சொல்லி அனுப்பிவிட்டார். அடிக்கவில்லை, ஏசவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்தபோது இவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. கடல் தண்ணி என்றார். அன்று அவர் கடலில் இறங்கவே இல்லை. நானும் கடல் தண்ணி என்றே வைத்துக்கொண்டு சாரத்தை வாங்கித் தோய்த்துப் போட்டேன்.

அன்று பின்னேரம் வாளியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார். நான் முன்பள்ளியில் படிப்பிப்பதால் என்னை ரீச்சர் என்றுதான் பகிடியாகக் கூப்பிடுவார்.

"உதைக் கொண்டுபோய் எப்பவோ ஒருநாள் தப்பிறதை விட, கொண்டுபோகாமல் ஒவ்வொரு நாளும் தப்பிறது சுகம் ரீச்சர்" என்றார்.

அந்தக் கிழமைக்குள் எங்கள் கரையில் இருந்த எல்லாப் படகுகளின் வாளிகளும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. யாரும் கூடிக் கதைத்து முடிவெடுக்கவில்லை. ஒருவர் மணலில் இருந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். கெட்டிக்காரிகள் சிலர் உள்ளே இருந்ததைக் கடலில் கொட்டுவித்துவிட்டு வாளிக்குள் அரிசிமா போட்டு வைத்தார்கள். காற்றுப் புகாத நல்ல வாளி. நான் அந்தக் கெட்டித்தனம் இல்லாதவள். எங்கள் வாளி அப்படியே அலுமாரிக்கு மேல் இருந்தது. முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு, தெரியாத சாமானைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களுக்குச் சொல்லு என்று கைதட்டிப் பாட்டுப் படிப்பித்துவிட்டு வந்து, அந்த வாளி இருக்கிற வீட்டுக்குள் படுத்து எழும்பினேன். தூசி தட்டும்போது மட்டும் அதைக் காண்பேன்.

வாடைக்காற்று ஓய்ந்துவருகிற ஒரு நாளில் அவர் தனியாகக் கடலுக்குப் போனார். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். மதியம் வரவேண்டியவர் பின்னேரமாகியும் வரவில்லை. எங்கள் கரைப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எல்லோரும் அவர் வலை போடுகிற திசையிலிருந்துதான் வந்தார்கள். ஒருவரும் அவரைக் காணவில்லை. அலை எழும்பி நிற்கும்போது நின்றுபோன படகு கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தால் வந்தாலும் தெரியாது என்று சொன்னார்கள். மறுநாள் விடிய எல்லாப் படகுகளும் தேடிப் போயின. அதற்கடுத்த நாளும் போயின.

பிறகு தெற்கே வேறொரு ஊர்க்காரர் படகைக் கண்டு இழுத்து வந்தார்கள். கவிழவில்லை. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. இயந்திரத்தின் மூடி கழற்றி ஒரு பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி, அந்தத் துணியையும் படகின் குறுக்குப் பலகையில் முடிந்து வைத்திருந்தார். முடிச்சு அவருடைய முடிச்சுத்தான். பதறியவன் போட்ட முடிச்சு இல்லை. அதைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு விளங்கியது, அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. இயந்திரம் நின்று, காற்றில் இழுபட்டு, அலை உள்ளே வரும்வரை அவருக்கு நிறைய நேரம் இருந்திருக்கிறது.

அந்த நேரத்தில் கையில் ஒரு பேணி புகை இருந்திருந்தால். அதை நான் மட்டும் நினைக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த ஒவ்வொருவரும் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு அலுமாரிக்கு மேல் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர்தான் எழும்பிப் போய் வாளியை இறக்கினார். ஒரு குழலை எடுத்து, அதில் அச்சடித்திருந்த திகதியை விரலால் தொட்டு எனக்குக் காட்டினார். அது அதற்கு முந்தைய வருடமே முடிந்திருந்தது.

"தங்கச்சி, உதைப் பார்த்துப் பார்த்து மனசைப் புண்ணாக்காதைங்கோ. உது திகதி முடிஞ்ச சாமான். கொண்டு போயிருந்தாலும் பத்தியிராது."

காய்ச்சலால் கூடப் போகாமல் நின்றவர் கதவடியில் நின்று அழுதபடி அதற்கு மேல் ஒன்று சொன்னார்.

"பத்தியிருந்தாலும் ஆரக்கா போயிருப்பினம்? பரா எண்டு நினைச்சுப் படகைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்திருப்பாங்கள். எங்கட ஆக்களை உங்களுக்குத் தெரியாதே?"

இவைதான் அந்த இரண்டு. கொண்டு போயிருந்தாலும் பத்தியிராது. பத்தியிருந்தாலும் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

இதில் என்ன ஆறுதல் என்று கேட்பீர்கள். கடலோடு எனக்குக் கோபமில்லை. கடற்கரையில் பிறந்தவளுக்குக் கடல் எடுக்கும் என்பது தெரியும். கடல்தான் எடுத்தது என்றால் தாங்கலாம். ஆனால் வாளி படகில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றால், அவரை எடுத்தது கடல் இல்லை. ஒரு நாள் பகல் முழுக்க மணலில் இருத்தி வைத்த பயம் எடுத்தது. முகாம் எடுத்தது. சுகம் விசாரிக்க வந்தவர்கள் எடுத்தார்கள். முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன சண்டை, இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்து, மிச்சம் வைத்த ஒருவரையும் எடுத்துப் போனது என்றாகும். அதை என்னால் தாங்க முடியாது. அதனால் அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டேன். சில நாட்களில் கதிரையில் ஏறி, வாளியைத் திறந்து, திகதியை வாசித்துவிட்டு இறங்குவேன்.

மகள் உயர்தரம் படிக்கத் தொடங்கிய வருடம் வாளி வெடித்தது. வெடித்தது என்று எங்கள் ஊரில் எழுதக் கூடாது, கீறல் விட்டது. தகரக் கூரையின் வெக்கையில் மூடியிலிருந்து அடிவரை கீறல் ஓடி, ஒரு குழலின் முனையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்து அலுமாரிமேல் காய்ந்திருந்தது. மகள் அதைக் கண்டுவிட்டாள்.

"அம்மா, உது இருக்கிற வீட்டில என்னால படிக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது. எடுத்து எங்கையாவது குடுங்கோ."

எங்கே கொடுப்பது. தந்த நிறுவனம் நாட்டைவிட்டே போய்விட்டது. அவர்களுடைய அலுவலகம் இருந்த கட்டடம் இப்போது கலியாண மண்டபம். வாளியை மாமரத்துக்குக் கீழே நிழலில் இறக்கி வைத்துவிட்டு, சங்கத் தலைவரிடம் போனேன். அவர் யோசிக்கவே இல்லை.

"தாங்கோ தங்கச்சி, நாளைக்குப் போகேக்கை ஆழத்தில போட்டுவிடுறன்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஆழத்தில், எரியாமல், சத்தமில்லாமல் போய்விடும். மகள்தான் விடவில்லை. கடலில் போட்டது கடலிலேயே கிடக்குமா, கரைவலையில் ஏறி இழுப்பவன் கையில் வந்தால் என்ன செய்வீர்கள் என்றாள். நான் முன்பள்ளிப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் கரையில் எதைக் கண்டாலும் பொறுக்கிச் சட்டைக்குள் வைப்பவர்கள். செம்மஞ்சள் பேணி என்றால் விடவே மாட்டார்கள்.

உடையார்கட்டில் வயல் செய்யும் அண்ணனைக் கேட்டேன், ஒரு மூலையில் குழி வெட்டித் தாட்டுவிடுவோமா என்று. அண்ணனுக்கு நான் கேட்டு இல்லை என்று சொன்ன பழக்கம் இல்லை. அன்று சொன்னார்.

"என்ர காணியைக் கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் இப்பதான் சரி எண்டு சொல்லித் தந்தவை. எத்தினை வருசம் வேலிக்கு வெளியில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தனான் தெரியுமே? இனி அந்த மண்ணுக்கை உப்பிடி ஒண்டையும் வைக்க என்னால ஏலாது. கோவியாதை."

கோபிக்கவில்லை. கடைசியில் கடற்றொழில் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். புதைக்க வேண்டாம், தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், குப்பையோடு கொளுத்த வேண்டாம், பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டாம். வீட்டுக்கு வெளியே நிழலில் இருக்கட்டும், பொலிசுக்குச் சொன்னால் நீதிமன்ற அனுமதி எடுத்து, குண்டு செயலிழக்கச் செய்கிறவர்கள் வந்து அழிப்பார்கள்.

"அழிக்கிறது எண்டால் என்ன செய்வினம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"எரிப்பினம் அம்மா. வேற வழி இல்லை."

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிப் படியில் நெடுநேரம் இருந்தேன். பொலிசுக்குப் போகப் பயமாக இருந்தது உண்மைதான். புனர்வாழ்வு முடித்த ஒருவரின் வீட்டில் கயிறு வைத்த குழல் இருக்கிறது என்று நானே போய்ச் சொல்வதென்றால், எங்கள் பக்கத்தில் அதற்குத் தனி நெஞ்சு வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு இருந்தது. எரித்துப் பார்க்கப் போகிறார்கள். இத்தனை வருடம் நான் திறந்து மூடித் திகதி மட்டும் வாசித்த சாமானை, பத்துமா பத்தாதா என்று பார்க்கப் போகிறார்கள்.

பொலிசில் ஒன்றும் நடக்கவில்லை. மலையகத்திலிருந்து இடம்மாறி வந்த தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவர் இருந்தார். கதிரை தந்தார், சொல்வதைக் கேட்டார். பிறகு வீட்டுக்கு வந்து மாமரத்தடியைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதே பெரிய விசயங்க. யாரும் சொல்ல மாட்டாங்க, தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க" என்றார். எவ்வளவு இலகுவாக முடிந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. என் கணவரை மணலில் இருத்திய அன்று இப்படி ஒருவர் அங்கே நின்றிருக்கக் கூடாதா.

சில கிழமைகள் கழித்து, முன்னறிவித்தல் இல்லாமல், ஒரு காலையில் வாகனம் வந்து வாசலில் நின்றது. படகுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்த நேரம். வந்தவர்கள் வாளியை மண் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, மீனவரின் வாடிக் கொட்டில்களைத் தாண்டி ஆளில்லாத வெறும் மணலுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிவர நாடா கட்டி எங்களைத் தள்ளி நிறுத்தினார்கள். மகளும் நானும், அயலில் உள்ள பெண்களும், கரையில் நின்ற வயதானவர்கள் சிலரும் வந்திருந்தோம். கான்ஸ்டபிள் எங்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

"குவிச்சு வைச்சு ஒரேயடியா எரிச்சுவிட மாட்டினமோ?" என்று அவரிடம் கேட்டேன். குவித்து எண்ணெய் ஊற்றி எரித்தால் எல்லாம்தான் எரியும். அதில் ஒன்றும் தெரிய வராது. அதையாவது எனக்கு விட்டுத் தருவார்கள் என்று நினைத்தேன்.

"இல்லீங்கம்மா. பெரிய குழலை மட்டும் குழியில போட்டு வெடிக்க வைப்பாங்க. மத்தத ஒவ்வொண்ணா மணல்ல நட்டு, தூரத்துல இருந்து கயிறு கட்டி இழுப்பாங்க. பத்துனா எரிஞ்சு முடிஞ்சிரும். பத்தலன்னா அதையும் குழியில போட்டுருவாங்க."

முதல் சிவப்புக் குழலை நட்டார்கள். அதன் இழுகயிற்றில் நீளமான கயிறு முடிந்து, மண்மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்தார்கள். நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாளாச்சியைக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் செல்லுக்குள் கும்பிட்டிருக்கிறேன், முகாம் வாசலில் கும்பிட்டிருக்கிறேன், அவர் வராத பின்னேரம் கும்பிட்டிருக்கிறேன். எதையாவது தா என்றுதான் அப்போதெல்லாம் கேட்டேன். இன்று ஒன்றும் தர வேண்டாம் தாயே, இது பத்தாமல் இருந்தால் போதும்.

கயிற்றை இழுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குழல் மணலில் சும்மா நின்றது. எனக்குள் இத்தனை வருடமாக முறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. மகளின் கையைப் பிடித்தேன். அவளும் என் கையை இறுக்கினாள். அவளும் அதையேதான் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சீறிக்கொண்டு பத்தியது. பகல் வெயிலிலும் பார்க்க முடியாத சிவப்பு. மணலெல்லாம் சிவந்து, மண்மூட்டை சிவந்து, படுத்திருந்தவர்களின் தொப்பி சிவந்தது. ஒரு குழல் எரிந்து முடிய அடுத்ததை நட்டார்கள். அதுவும் பத்தியது. கசிந்து காய்ந்துபோயிருந்த குழல்கூடப் பத்தியது. நாலும் பத்தின.

"பரவாயில்லையே, டேட்டு முடிஞ்சு இத்தன வருசம் போயும் நல்லா வேல செய்யுதேங்கம்மா" என்றார் கான்ஸ்டபிள். அவருக்கு எங்கள் கதை தெரியாது. நல்ல சாமான் வீணாய்ப் போகிறதே என்ற கவலையில் சொன்னார்.

"வாங்கோ அம்மா, வீட்டை போவம்" என்றாள் மகள். நான் அசையவில்லை. இன்னும் ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. பத்தினால் என்ன, யார் வந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் வெளிச்சம் கண்டால் ஓடுகிறவர்கள். அதைச் சொல்லிக்கொண்டே நின்றேன்.

புகைப் பேணிகள் இரண்டையும் ஒன்றாகவே இழுத்தார்கள். செம்மஞ்சள் புகை மணலிலிருந்து கிளம்பி, பனை உயரத்துக்கு எழுந்து, சோளகக் காற்றில் சாய்ந்து கடல் பக்கமாக நீண்டது. கரையில் நின்ற ஒரு கிழவர் இரண்டடி பின்னுக்குப் போய், உடைந்து கிடந்த பழைய படகு ஒன்றுக்குப் பின்னால் குந்தினார். அதைக் கண்டு எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பார்த்தாயா, இதுதான் எங்கள் ஆட்கள். பிறகு பெரிய குழலைக் குழியில் போட்டு வெடிக்க வைத்தார்கள். சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, தலையில் கை வைத்து மணலில் இருந்துவிட்டோம். பொலிஸ்காரர்கள் மட்டும் நின்றார்கள்.

எழும்பி மண்ணைத் தட்டும்போதுதான் கடலில் இரண்டு படகுகளைக் கண்டேன். தூரத்தில் இருந்தவை கரைக்கு நேரே திரும்பியிருந்தன. மூக்கு மேலே எழும்பும் வேகத்தில் வந்தன. வெடிச் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். நிற்கவில்லை, விலகவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, படகு நிற்க முன்னரே ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள். முதலில் ஓடிவந்தவர் சங்கத் தலைவர். அவருக்குப் பின்னால், அன்று காய்ச்சலில் படுத்திருந்தவர். மூச்சு வாங்கிக்கொண்டு நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

"புகையைக் கண்டனாங்கள்" என்றார் தலைவர். "ஆருக்கு என்ன நடந்தது?"

அவர் மணலில் கருகிக் கிடந்த பேணிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பத்தியிராது என்று எனக்குச் சொன்னதை அந்த நேரத்தில் அவரும் நினைத்திருப்பார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை" என்றேன். "நீங்கள் திரும்பிப் போங்கோ. வலை கடலில கிடக்குமெல்லோ."

காய்ச்சலில் படுத்திருந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வலை இல்லை அக்கா. இழுத்து எடுக்க நேரம் போகுமெண்டு அறுத்துப்போட்டு வந்தனாங்கள்."